விரிபாதன் பூட்ஸ் தேடிய பரணி

நிலமகளே 'கொஞ்சம் தள்ளி மிதியுங்கள்' என்று முனகுமளவு பரந்து விரிந்து, ஐந்து விரலும் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டு ஆளுக்கொரு திசையில் பிரிந்து நின்று, பெருவிரலின் அடியில் பக்கவாட்டாகப் புடைத்தெழுந்த எலும்புமுண்டை இடத்தில் ஒன்றும் வலத்தில் ஒன்றுமாகச் சிறு குன்றுகளைப் போலத் தாங்கி, உலகத்துச் செருப்புக்காரர் அனைவரையும் ஒருசேரப் பகைத்துக்கொண்ட பாதங்களையுடைய பெருந்தகை, ரயில் நிலையத்து ஒலிபெருக்கிக் கோமான், கண்ணாடி அறைக்குள் வீற்றிருந்து வண்டிகளை வரவேற்று வண்டிகளை வழியனுப்பும் வாய்ச்சொல் வேந்தன், விரிபாதன் வாழ்க. அவன் குரல் வாழ்க. அவன் கால்களும், வேறு வழியில்லை, வாழ்க.

ஒரு தலைவனைப் பாடப் புகுந்தால் பாதத்தில் தொடங்கிக் கேசம் வரை ஏறிச் செல்வது நம்மவர் வழக்கம். இத்தலைவன் விஷயத்தில் பாதத்துக்கே இவ்வளவு இடம் போய்விட்டது. மேலே ஏறினாலும் பாடுமளவுக்குக் கேசம் என்று பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. இன்னொன்றையும் இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாட்டுடைத் தலைவனும் பாடுகிறவனும் ஒரே ஆள்தான். இந்தக் கால்களைப் பாட வேறு புலவர் எவரும் முன்வராததால் அந்தப் பொறுப்பும் என் தலையிலேயே விழுந்தது. போரில் தோற்றவன் பெயரை நூலுக்கு இடுவது பரணிக்குரிய இலக்கணம். மேலே தலைப்பில் யார் பெயர் இருக்கிறது என்று இன்னொரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

விரிபாதனின் அரியணை ரயில் நிலையத்து மாடியில், நடைமேடைகளைப் பார்த்தபடி கண்ணாடி போட்ட ஒரு சிற்றறையில் இருந்தது. எதிரே மைக். பக்கத்தில் தண்ணீர் பாட்டில். கீழே, மேசைக்கடியில், உலகறியாத இருளில், அந்தப் பாதங்கள். 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்று அவன் மேலே முழங்குங்கால் கீழே நடைமேடையெங்கும் தலைகள் நிமிரும், பெட்டிகள் எழும், தாய்மார் பிள்ளைகளின் கையைப் பற்றுவர். அதே கணத்தில் மேசைக்கடியில் அவன் ஷூவை அரைவாசி கழற்றிவிட்டுக் குதிகாலால் அதன் பின்பக்கத்தை மிதித்துக்கொண்டிருப்பான். அந்தக் கருப்பு ஷூவில் முண்டு இடிக்கும் இடத்தை பிளேடால் வட்டமாக வெட்டி ஜன்னல் வைத்திருந்தான். ஜன்னல் வெளியே தெரியக்கூடாது என்பதற்காகக் கருப்பு சாக்ஸ். சாக்ஸ் நைந்து உள்ளிருந்து சதை எட்டிப்பார்த்தால் அந்த இடத்தில் பேனா மையைத் தடவிக்கொள்வான். இத்தகைய போர்த்தந்திரங்களில் அவன் கைதேர்ந்தவன்.

செருப்புக் கடைக்குள் அவன் காலெடுத்து வைத்ததில்லை. முன்பின் தெரியாத ஒருவர் குனிந்து தன் காலைப் பிடித்துப் பார்ப்பார் என்று நினைத்தாலே அவனுக்கு உடம்பு கூசும். ஆகவே அந்த வீட்டில் ஓர் ஏற்பாடு இருந்தது. அவன் மனைவி, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், பழைய ஷூ வாய் பிளந்ததும் அவனைச் சுவரோடு குதிகாலை ஒட்டி நிற்கச் சொல்வாள். தையல் நூலைக் குதிகாலிலிருந்து பெருவிரல் நுனி வரை பிடித்து, பல்லால் கடித்து அறுத்து, கைப்பையில் சுருட்டிப் போட்டுக்கொண்டு தனியாகக் கடைக்குப் போவாள். நூலுக்குச் சரியாகப் பொருந்தும் ஷூவோடு திரும்பி வருவாள். அது நூலுக்கு ஒருநாளும் கடித்ததில்லை. விரிபாதன் 'பிரமாதம்' என்று சொல்லிவிட்டு, அவள் சமையலறைக்குள் போனதும் பிளேடைத் தேடுவான். கல்யாணமான நாள் முதல் இப்படியே நடந்துவந்தது.

இவ்வாறு குறையொன்றுமின்றி, அதாவது குறையை ஒருவருக்கும் காட்டாமல், ஆட்சி நடத்திவந்தவனின் கோட்டைக் கதவை ஒரு தொலைபேசி அழைப்பு தட்டியது. அழைத்தவள் அவன் ஒரே மகள். போன வருடம் கட்டிக்கொடுத்து, ஊரின் மறுகோடியில் புகுந்த வீட்டில் வாழ்பவள்.

அந்தப் புகுந்த வீட்டைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அங்கே போனால் வாசலில் ஷூவைக் கழற்ற வேண்டும். விரிபாதன் ஷூவைக் கழற்றுவான். சாக்ஸைக் கழற்ற மாட்டான். சோபாவின் நுனியில் ஒட்டியும் ஒட்டாமலும் உட்கார்ந்து, இரண்டு காலையும் பின்னுக்கு இழுத்து சோபாவுக்கடியில் ஒளித்துக்கொண்டு, கொடுத்த டீயைச் சூட்டோடு சூடாக விழுங்கிவிட்டு, 'டூட்டி இருக்கு, வரட்டுமா' என்று எழுந்துவிடுவான். சம்பந்தியோ வீடு வீடாக ஏறி இறங்கி மின்மீட்டர் கணக்கெடுத்தே ஓய்வு பெற்றவர். குச்சி போன்ற கால்களையுடைய நடைவேந்தர். ஞாயிறு தவறாமல் ஊருக்கு வெளியே இருக்கும் மலையில் ஏறி இறங்குகிறவர். 'வாங்க சம்பந்தி, பேசிக்கிட்டே ஏறலாம்' என்று அவர் கூப்பிடாத மாதமில்லை. ஜலதோஷம், ஆபீஸ் மீட்டிங், தூரத்து உறவில் ஒரு சாவு என்று விரிபாதனும் சளைக்காமல் கேடயம் தூக்கினான். அந்தத் தூரத்து உறவினர் ஒரே வருடத்தில் இரண்டு முறை செத்துப்போனார்.

"அப்பா, மாமா மறுபடியும் கூப்பிட்டா இந்த வாட்டி போயிட்டு வந்துடுங்கப்பா" என்றாள் மகள்.

"ஏம்மா, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலை. அத்தை நேத்து கேட்டாங்க, உங்கப்பாவுக்கு எங்க வீட்டுல உக்காரவே பிடிக்கலையோன்னு. மீட்டர் பாக்கறவன் வீடுதானேன்னு நினைக்கிறாரோன்னு. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாங்க. ஆனா அதுக்கப்புறம் நேத்து முழுக்க என்கிட்ட சரியா பேசலை."

விரிபாதன் குனிந்து தன் காலைப் பார்த்தான்.

"கால் விஷயத்தை நானே சொல்லிடட்டுமா?"

"அதெல்லாம் சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன். கல்யாணத்துக்கு முன்னாடியே சத்தியம் வாங்கிட்டீங்களே. சொல்லாம அவங்களுக்கு நான் என்னன்னு பதில் சொல்றது? அதையாவது சொல்லிக்கொடுங்க."

கடைசி வார்த்தையில் அவள் குரல் கம்மியது. அந்தோ, எத்தனையோ ரயில்கள் தாமதமாக வருவதைத் தடுமாறாமல் அறிவித்த அந்த வாய்க்கு அப்போது ஒரு சொல்லும் கிடைக்கவில்லை. தன் காலில் இருக்கும் ஒரு துண்டு எலும்புக்காக மகள் அங்கே மாமியாரிடம் பேச்சு கேட்டுக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு இருக்கிறாள் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. அவன் தொண்டையைச் செருமி, மார்பை நிமிர்த்தி, மைக் இல்லாமலேயே பிரகடனம் செய்தான்:

"வரும் ஞாயிற்றுக்கிழமை காலை உங்கள் அப்பா மலையடிவாரம் வந்து சேர்வார்."

மகள் சிரித்துவிட்டாள். "பூட்ஸ் போட்டுக்கிட்டு வாங்கப்பா. வழியெல்லாம் சரளைக்கல்லு. மாமாவே சொல்லச் சொன்னார்."

பூட்ஸ். அவ்வொரு சொல்லில் நால்வகைப் படையும் அவனை நோக்கித் திரும்பியது.

முதற்போர் கடைத்தெருவின் மாபெரும் காலணி மாளிகையில் நிகழ்ந்தது. தானே திறக்கும் கண்ணாடிக் கதவுகளைத் தாண்டி, கூரை வரை அடுக்கிய அட்டைப்பெட்டிகள் கோட்டைமதிலாய் எழுந்து நிற்க, சுவரெங்கும் பூட்ஸுகள் கூர்மூக்கை நீட்டிப் பகைவரை எதிர்பார்த்திருக்க, அவற்றின் நடுவே, வாழ்நாளில் முதன்முறையாக, தன்னந்தனியனாய், சட்டைப்பையில் ஒரு சுருள் நூலை மட்டும் ஆயுதமாகக் கொண்டு விரிபாதன் புகுந்தான். மனைவிக்குப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை நேரம். நூலை மட்டும் அறுத்துக் கொடுத்து அனுப்பியிருந்தாள்.

"என்ன சைஸ் சார்?" என்றார் மீசைக்காரப் பணியாளர்.

விரிபாதன் நூலை எடுத்து நீட்டினான். மீசைக்காரர் அதை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"பட்டன் ஏதாவது பிஞ்சுபோச்சா சார்?"

விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் அவனுக்குக் காது சிவந்துவிட்டது. பிறகு முதற்பெட்டி திறந்தது. சாக்ஸணிந்த வலப்பாதம் பூட்ஸின் வாயில் புகுந்து, மூக்குநோக்கி மெல்ல முன்னேறி, விரல்படை நுழைந்து, நடுப்பாதம் நுழைந்து, எல்லாம் நலமே என்று நினைக்கும் நேரத்தில் எலும்புமுண்டு தோற்சுவரில் மோதி நின்றது. பின்வாங்கவும் இயலவில்லை, முன்னேறவும் இயலவில்லை. மீசைக்காரர் குதிகாலில் ஷூ மாட்டும் கரண்டியை நுழைத்து நெம்பினார், விரிபாதன் இருக்கையின் கைப்பிடியைப் பற்றினான், பூட்ஸ் முனகியது, அவனும் முனகினான். உள்ளே போனதும் கண்ணில் நீர் நின்றது.

"போடப் போட லூஸாயிடும் சார்" என்றார் மீசைக்காரர். உலகத்துச் செருப்புக் கடைகள் அனைத்திலும் ஓதப்படும் மறை அது.

அடுத்த அளவு வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. ஒவ்வொன்றும் முந்தியதைவிட விரலளவு நீண்டது, நகத்தளவுகூட அகலவில்லை. இறுதியில் முண்டு வலியின்றி அடங்கிய ஒரு பூட்ஸ் கிடைத்தது. ஆனால் அதன் முன்பகுதியில் விருந்தாளி ஒருவர் படுத்துறங்குமளவு இடம் காலியாகக் கிடந்தது. எழுந்து நடந்தான். அவன் வருவதற்குச் சற்று முன்பே பூட்ஸின் மூக்கு போய்ச் சுவர்க்கண்ணாடியில் இடித்தது. கடையே திரும்பிப் பார்த்தது. சினந்தான் வேந்தன், எந்தக் குரலால் வண்டிகள் அஞ்சி நிற்குமோ அந்தக் குரலை எடுத்தான்.

"பணியாளர்களின் கனிவான கவனத்திற்கு. எனக்கு நீளம் போதும். அகலம் வேண்டும்."

கடையின் மறுமூலையில் ஒரு பெண்மணி சட்டென்று தன் பைகளை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். எந்த நடைமேடை என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றார் பாவம்.

"அகலம் தனியா வராது சார். நீளத்தோட சேர்ந்துதான் வரும்" என்றார் மீசைக்காரர், கொஞ்சமும் அசராமல்.

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தபடியால், வலிக்கும் நீளத்துக்கும் நடுவில் ஓர் உடன்படிக்கை போல இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு ஜோடியை அவன் வாங்கினான். கட்டிக் கொடுக்கும்போது மீசைக்காரர் சொன்னார்: "வீட்டுல போட்டு நடந்து பாருங்க. சரிவரலைன்னா கொண்டு வாங்க, மாத்தித் தர்றோம். ஆனா அடியில அழுக்கு பட்டிருக்கக் கூடாது."

இந்நிபந்தனையிலிருந்து பிறந்தது இரண்டாம் போர். தரையில் நடந்தால் அழுக்கு படும். ஆகவே விரிபாதன் முதலில் மெத்தைமேல் நடந்தான். தலையணைகளை அடுக்கி அவற்றை மலையாகப் பாவித்து ஏறினான். மெத்தை அமுங்கியதே தவிர மலையேறிய உணர்வு வரவில்லை. மலையென்றால் படி வேண்டும். படி அடுக்குமாடி வீட்டின் பொதுப்படிக்கட்டில்தான் உண்டு. அங்கே உலகத்து அழுக்கெல்லாம் உண்டு. சிந்தித்தான். சமையலறை இழுப்பறையிலிருந்து இரண்டு கேரி பேக்குகளை எடுத்தான். பூட்ஸோடு சேர்த்து ஒவ்வொரு காலையும் ஒரு பைக்குள் விட்டு, கணுக்காலில் ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கினான். சரக் சரக்கென்ற பேரொலி முழங்க, வாசற்கதவைத் திறந்து, படிக்கட்டின் உச்சியில் போய் நின்றான்.

ஏறுவதற்கு முன் இறங்க வேண்டுமல்லவா. இறங்கினான். கீழ் வீட்டுப் பல் டாக்டரம்மா கையில் காய்கறிப் பையோடு எதிரே ஏறி வந்துகொண்டிருந்தார். அவன் காலைப் பார்த்தார்.

"வெளியில மழையா சார்?"

"இல்லை" என்று சொல்லத் தொடங்கினான் விரிபாதன். சொல் முடியவில்லை. வழவழத்த படியில் வழவழத்த பை வழுக்க, இடப்பாதம் ஒரு திசையிலும் வலப்பாதம் வேறொரு திசையிலும் படையெடுக்க, கைகள் காற்றைப் பற்ற, பின்புறம் படியைப் பற்ற, படிக்குப் படி ஒரு 'ஐயோ' என்ற கணக்கில், அம்மாடி, தளம் வரை இறங்கி அமர்ந்தான் அந்த வாய்ச்சொல் வேந்தன். டாக்டரம்மாவின் பையில் இடித்துச் சிதறிய தக்காளிகள் அவனுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தன. பூட்ஸின் அடியில் ஒரு தூசு இல்லை.

"காலைக் காட்டுங்க சார், பிசகியிருக்கான்னு பாக்கறேன்" என்று டாக்டரம்மா குனிந்தார்.

"வேண்டாம்மா. நீங்க பல் டாக்டர்" என்று காலை இழுத்துக்கொண்டான்.

மாலையில் மனைவி வந்து விஷயத்தைக் கேட்டாள். முதலில் சிரித்தாள். அவன் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினாள். பூட்ஸைக் கழற்றிவிட்டாள். பெருவிரலின் அடி சிவந்து, தொட்டால் சுடுமளவு வீங்கியிருந்தது.

"எங்க இடிக்குது?"

"இதோ, இங்க."

"இது பக்கத்துல இல்ல இருக்கு."

"ஆமா. எப்பவும் பக்கத்துலதான் இடிக்கும்."

அவள் அவன் காலையே பார்த்தாள். பிறகு தன் மேசையைப் பார்த்தாள். அங்கே திருத்த வேண்டிய விடைத்தாள்கள் குவிந்திருந்தன. நீளம் பெருக்கல் அகலம், நீளம் பெருக்கல் அகலம் என்று வருடந்தோறும் வகுப்பு வகுப்பாகக் கத்தி, அகலத்தை எழுத மறந்த பிள்ளைகளுக்குச் சுழி போட்டு, அவர்களுடைய பெற்றோரையும் வரவழைத்துக் கண்டித்த அந்தக் கணிதப் பேரரசிக்கு, சொந்தப் புருஷன் காலுக்கும் அகலம் என்று ஒன்று உண்டென்பது அன்றுவரை தோன்றியதேயில்லை.

"நூலை நான் நீளத்துக்குத்தானே புடிச்சேன்" என்றாள் மெதுவாக.

விரிபாதனுக்கும் அதுவரை தோன்றியதில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு படித்த மண்டைகள்.

அவள் நூற்கண்டை எடுத்து வந்தாள். முண்டின்மேல் ஒரு சுற்றுச் சுற்றி அறுத்தாள். நீள நூலையும் சுற்று நூலையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் நீட்டி வைத்தாள். சுற்று நூல் நீள நூலைத் தாண்டிப் போய் நின்றது.

"நீளத்தைவிட சுத்தளவு ஜாஸ்தியா இருக்குங்க."

"அப்படின்னா?"

"அப்படின்னா இது காலே இல்ல. மூட்டை."

இருவரும் சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்ததும் அவள் அவன் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "இத்தனை வருஷமா வலிக்குதுன்னு ஏங்க ஒரு வார்த்தை சொல்லலை?"

"நீ அலைஞ்சு பாத்துப் பாத்து வாங்கிட்டு வந்தே. எப்படிச் சொல்றது?"

அவள் காலில் எண்ணெய் தேய்த்துவிட்டாள். தேய்த்துக்கொண்டே யோசித்தாள். பள்ளிக்கூடத்தில் புதுக் கட்டடம் எழுப்பும் வேலையாட்கள் போட்டிருக்கும் பூட்ஸின் மூக்கு தவளை மூக்கு மாதிரி அகலமாக இருக்கும், அது எங்கே கிடைக்கும் என்று நாளைக்கே விசாரிக்கிறேன் என்றாள்.

மூன்றாம் போருக்குச் சனிக்கிழமை மாலை இருவருமாகப் புறப்பட்டார்கள். முதற்போரில் பிடிபட்ட ஜோடியை அழுக்கில்லாத அடியோடு திருப்பிக் கொடுத்துவிட்டு, பட்டறைகள் நிறைந்த ஒரு சந்துக்குள் நுழைந்தார்கள். தலைக்கவசங்களும் தோல் கையுறைகளும் ஆரஞ்சு நிறச் சட்டைகளும் தொங்கும் ஒரு கடை. கல்லாவில் இருந்த அம்மாள் விரிபாதனை ஏற இறங்கப் பார்த்தார்.

"எந்த சைட்டுல வேலை?"

"மலையில" என்றான் விரிபாதன்.

"கல் குவாரியா?"

"அப்படித்தான் வெச்சுக்குங்களேன்" என்றாள் மனைவி.

மேல்தட்டிலிருந்து ஒரு ஜோடி இறங்கியது. என்னே அதன் கோலம். சேற்றின் நிறம், செங்கல்லின் கனம், மூக்கு சப்பட்டை, அடிப்பாகத்தில் டிராக்டர் சக்கரம் போலப் பள்ளங்கள். இதனைக் காலணி என்று சொன்னால் மற்ற காலணிகள் கோபித்துக்கொள்ளும். விரிபாதன் கண்ணை மூடிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, வழக்கமான வலியை வரவேற்கத் தயாராகிக் காலை உள்ளே விட்டான். விரல்கள் போயின. நடுப்பாதம் போயிற்று. முண்டு போயிற்று. எங்கே இடிக்கும் எங்கே இடிக்கும் என்று அவன் காத்திருந்தான். இடிக்கவில்லை. விரல்களை அசைத்துப் பார்த்தான், அவை அசைந்தன. ஒரு ஷூவுக்குள் தன் விரல்கள் அசைவதை அவன் அன்றுதான் உணர்ந்தான். மனைவியைப் பார்த்தான். அவள் என்ன என்று கேட்டாள். அவனுக்கு அழுகை வந்துவிடும் போலிருந்தது.

"கனமா இருக்கும் சார்" என்றார் கல்லா அம்மாள். "இது ஒரே எடத்துல நின்னு வேலை செய்யறவங்க போடறது. ரொம்ப நடக்கறதுக்குச் சரிப்படாது."

அந்த எச்சரிக்கை அவன் காதில் விழவில்லை. விழுந்திருந்தாலும் வேந்தர்கள் வெற்றி பெற்ற வேளையில் யார் சொல்லைக் கேட்டிருக்கிறார்கள்.

புலர்ந்தது ஞாயிறு. மலையடிவாரத்துப் புளியமர நிழலில் சாதாரண கேன்வாஸ் ஷூவோடு காத்திருந்தார் சம்பந்தி. தூரத்தில் தடார் தடாரென்று நிலம் அதிரக் கேட்டுத் திரும்பினார்.

"வாங்க சம்பந்தி. என்ன, சுரங்கம் ஏதாவது தோண்டப் போறோமா?"

"முன்னெச்சரிக்கைதான்" என்றான் விரிபாதன் கம்பீரமாக.

ஏறினார்கள். ஆகா, அந்தத் தொடக்கத்தை எவ்வாறு பாடுவேன். சரளைக்கற்கள் பூட்ஸின்கீழ் நொறுங்கிப் பணிந்தன. முட்செடிகள் விலகி வழிவிட்டன. வழியில் போன நாயொன்று அச்சத்தத்தைக் கேட்டு ஓரமாய் ஒதுங்கி நின்றது. விரிபாதன் சம்பந்தியை முந்திக்கொண்டு நடந்தான். கையை நீட்டிக் கீழே தெரியும் தண்டவாளங்களைக் காட்டி எந்த வண்டி எங்கே போகிறது என்று முழங்கினான். 'நடையா, நமக்கு நடை ஒரு பொருட்டா' என்றுகூடச் சொன்னதாக நினைவு. முதல் வளைவு கடந்தது. இரண்டாம் வளைவில் ஏற்றம் தொடங்கியது.

அங்கேதான், ஐயகோ, எதிர்பாராத திசையிலிருந்து கலகம் மூண்டது. வாழ்நாள் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்தே காற்று வாங்கிப் பழகிய நுரையீரல் இரண்டும் சட்டென்று வேலைநிறுத்தம் அறிவித்தன. நெஞ்சு தாளம் தப்பி முரசறைந்தது. தொடைகள் நடுங்கின. காலில் கட்டிய செங்கற்கள் அடிக்கு அடி கனத்தன. பாதத்துக்காகப் படை திரட்டி, பாதத்துக்காகப் படிக்கட்டில் உருண்டு, பாதத்துக்காகச் சந்து சந்தாக அலைந்தவன், பாதத்துக்கு மேலே ஓர் உடம்பு இருக்கிறது என்பதை மறந்தே போயிருந்தான். பாதையோரத்துப் பாறையொன்றில் பொத்தென்று உட்கார்ந்தான். அடிவாரத்துப் புளியமரம் அங்கிருந்து பார்த்தால்கூட நன்றாகத் தெரிந்தது. மலையுச்சி தெரியவில்லை.

முன்னே போயிருந்த சம்பந்தி திரும்பி வந்தார். "என்ன சம்பந்தி, பூட்ஸ் கடிக்குதா?"

"பூட்ஸ் இல்ல. மூச்சு" என்றான். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. வண்டிகளை நிறுத்திய அந்தக் குரல் பூனைக்குட்டி முனகுவது போல வெளிவந்தது.

சம்பந்தி தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். குடித்தான். உடம்பெல்லாம் எரிந்தது, பூட்ஸுக்குள் கால் வெந்தது. யோசிக்கக்கூடத் தெம்பில்லாமல் குனிந்து லேஸை அவிழ்த்தான். ஒரு பூட்ஸைக் கழற்றினான், மற்றதையும் கழற்றினான். பிறகு, அவிழ்த்த கை நிற்காமல், சாக்ஸையும் உருவிவிட்டான். காற்றுப் பட்ட பிறகுதான் என்ன செய்திருக்கிறோம் என்பது அவனுக்குத் தெரிந்தது. காலைப் பின்னுக்கு இழுத்தான். பின்னால் பாறை இருந்தது.

சம்பந்தி அந்தக் கால்களைப் பார்த்தார். எட்டத்தில் நின்று பார்த்தது போதாமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தும் பார்த்தார்.

"பொறந்ததுலேர்ந்தேவா?"

"அப்பா வழி. வயசாக வயசாகத் தள்ளிக்கிட்டே வந்துடுச்சு."

"இதுக்குத்தான் எங்க வீட்டுல சாக்ஸைக் கழட்டாம உக்காந்திருந்தீங்களா?"

விரிபாதன் தலையை மட்டும் ஆட்டினான்.

"அட போங்க சம்பந்தி. நாங்க என்னென்னவோ நினைச்சுட்டோம். எங்க வீட்டம்மா, சோபா பழசா இருக்கறதாலதான் நீங்க நுனியில உக்காரறீங்கன்னு, மாத்திடலாமான்னு என்கிட்ட ரெண்டு தடவை கேட்டா."

"பொண்ணுகிட்ட நான்தான் சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருந்தேன்."

சம்பந்தி சிரிப்பதை நிறுத்தினார். கீழே தண்டவாளத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். "ஒரு வார்த்தை சொல்லலை அது. எங்க வீட்டம்மா அன்னிக்குக் கொஞ்சம் கடுப்பாவே கேட்டா. 'எங்கப்பா அப்படிப்பட்டவர் இல்ல அத்தை'ன்னு மட்டும்தான் சொல்லுச்சு. வேற எதுவும் சொல்லலை. உள்ள போய் அழுதுச்சு போல, எனக்குத் தெரியும். நான் பேசாம இருந்துட்டேன். தப்புதான்."

வாய்ச்சொல் வேந்தன் தண்ணீர் பாட்டிலை மூடி அவர் பக்கம் நகர்த்தினான். மேலெழுந்த கதிரவனும், கீழே ஊர்ந்த ரயிலும், அகன்ற இரு பாதங்களும் அவற்றின் பக்கத்தில் சோர்ந்து சாய்ந்து கிடந்த இரு பெரும் பூட்ஸுகளும் சாட்சியாக, எலும்புமுண்டுகள் இரண்டும் வெட்டவெளியில் முதன்முறை வெயில் காய, நுரையீரற் கலகம் மெல்ல மெல்ல அடங்கிக்கொண்டிருந்த அந்நல்வேளையில் அவன் சட்டைப்பையிலிருந்த கைபேசி அலறியது. மகள். பேச மூச்சில்லாமல் அவன் அதைச் சம்பந்தியிடம் நீட்டினான்.

"ஆங், சொல்லும்மா" என்றார் சம்பந்தி. "உச்சியிலதான் இருக்கோம். உங்கப்பா என்னை இழுத்துக்கிட்டு இல்ல ஓடறார், என்னால ஈடு குடுக்க முடியலை. அத்தைகிட்ட சொல்லு, மத்தியானம் சாப்பாட்டுக்கு அவரும் வர்றார்னு. உங்கம்மாவையும் வரச் சொல்லிடு. இந்தா, பேசு."

கைபேசி கை மாறியது. அந்தப் பக்கம் மகள் யாருக்கும் கேட்காத குரலில், கால் வலிக்குதாப்பா என்று கேட்டாள்.

இல்லம்மா, வலிக்கலை என்று சொன்னேன்.